ஹோமர் ஜோடி போட மூன்று வழி: எந்தக் கூண்டுக்கு எது?

தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாதான் ஹோமர். எட்டுப் பெட்டி இருக்கிறது, எட்டு ஜோடி போடலாம் என்று கணக்குப் போடும்போதே முட்டைக் காலத்தின் தலைவலி தொடங்கிவிடுகிறது. குஞ்சுக்குப் பதினைந்து, பதினாறு நாள் ஆனதும் பெண் அடுத்த முட்டைக்கு இடம் தேடும். முட்டை வைத்த பழைய சட்டியில் குஞ்சுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆண் பக்கத்துப் பெட்டிக்குள் தலையை நீட்டும். அங்கே அடையிலிருக்கும் புறா எழுந்து ரெக்கையால் அடிக்கும். இரண்டு நிமிடத்தில் முட்டை இரண்டும் தரையில் கிடக்கும். இதில் புறாவின் குற்றம் எதுவும் இல்லை. அந்த ஜோடி ஒரு தேதியில் இருக்கிறது, பக்கத்து ஜோடி வேறொரு தேதியில் இருக்கிறது, இரண்டும் ஒரே கூண்டில் இருக்கின்றன. அவ்வளவுதான்.

சென்னை மொட்டைமாடிகளில் பந்தய ஹோமர்களை ஜோடி போடுவதற்கு மூன்று வழி உண்டு. ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக விட்டு, அதுகளே சேரட்டும் என்று இருந்துவிடுவது ஒன்று. இன்ன ஆணுக்கு இன்ன பெண் என்று முடிவு செய்து பெட்டியில் அடைத்துச் சேர்ப்பது இன்னொன்று. நல்ல ஜோடியின் முட்டையை எடுத்துச் சாதாரண ஜோடியின் கீழ் வைத்து வளர்க்கும் செவிலி முறை மூன்றாவது. எதில் செலவு குறைவு, எதில் நல்ல குஞ்சு கிடைக்கும் என்றுதான் பொதுவாகக் கேட்பார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: எந்த முறையில் கூண்டிலுள்ள ஜோடிகள் எல்லாம் மூன்று நாலு நாள் வித்தியாசத்துக்குள் முட்டை வைக்கும்? தீனி, குஞ்சின் காலில் அடையாள வளையம் போடுவது, சுத்தம், குஞ்சு பிரிப்பது, ஆண் பெண் பிரிப்பது எல்லாம் அந்த ஒரு பதிலில் அடங்கிவிடும்.

முதலில் நாள் கணக்கு

சேர்ந்த ஜோடி எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் முதல் முட்டை வைக்கும், பெரும்பாலும் மாலை 5 மணியை ஒட்டி. இரண்டாவது முட்டை சுமார் 44 மணி நேரம் கழித்து, அதாவது ஒரு நாள் விட்டு மறுநாள் பிற்பகலில். முதல் முட்டையின் மேல் புறா அழுந்தி உட்காராது, காவல் நிற்பதுபோல் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ‘அடை உட்காரவில்லை’ என்று பதறி முட்டையைத் தொட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தேவையில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகப் பொரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது அப்படி நிற்கிறது. இரண்டாவது முட்டை வந்ததிலிருந்து 17, 18 நாளில் குஞ்சு வரும். காலை பத்து மணிவாக்கில் ஆண் வந்து உட்கார்ந்து பிற்பகல் நாலு மணிவரை இருக்கும். மீதி நேரமும் இரவும் பெண்ணுடையது.

அடையின் கடைசி சில நாட்களில் ஆண், பெண் இரண்டின் தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையிலும் சுவர் தடித்துப் புறாப்பால் ஊறத் தொடங்கும். புரோலாக்டின் என்ற ஹார்மோனின் வேலை இது. குஞ்சு முதல் நாலைந்து நாள் வாழ்வது இந்தப் பாலில் மட்டும்தான். பிறகு தானியம் கலந்து வரும், பத்தாம் நாள்வாக்கில் பால் ஏறக்குறைய நின்றுவிடும். ஏழாம் நாளை ஒட்டி வளையம் போட வேண்டும். 25 முதல் 28 நாளில் குஞ்சைத் தாய் தந்தையிடமிருந்து பிரிக்கலாம். ஆனால் பெண் அதற்குப் பத்து நாள் முன்னாலேயே அடுத்த முட்டையை வைத்திருக்கும். ஒரு ஜோடிக்கு இரண்டு சட்டி வேண்டும் என்பது இதனால்தான். 40 செ.மீ. அகலப் பெட்டியில் இரண்டு சட்டி நிற்காது, 75 செ.மீ. வேண்டும். அப்படிப் பெட்டி இல்லையென்றால் எட்டுப் பெட்டிக்கு ஐந்து ஜோடிக்கு மேல் போடாதீர்கள்.

தானாகச் சேர விடுவது

இதில் செலவு இல்லை, வேலையும் குறைவு. தானாகத் தேர்ந்துகொண்ட ஜோடி கூட்டுக்குள் ஒற்றுமையாக இருக்கும், அடையை மாற்றிக்கொள்வதில் தகராறு வராது. போன வருட ஜோடிகளே இந்த வருடமும் சேரப் போகின்றன, பெட்டியும் மாறவில்லை என்றால் இதைவிட எளிய வழி கிடையாது. பழைய ஆண் கதவு திறந்த பத்தாவது நிமிடம் தன் பெட்டியில் போய் நின்று கூவும்.

புதுப் புறாக்களிடம் இதையே செய்தால் கதை வேறு. முதல் ஜோடி ஒன்பதாம் நாள் முட்டை வைக்கும். கடைசி ஜோடி சேர்வதற்கே இரண்டு வாரம் பிடிக்கும். ஆக, கூண்டில் ஒரே நேரத்தில் சண்டைக்கு அலையும் ஆண், முட்டை வைக்கப்போகும் பெண், அடையிலிருக்கும் ஜோடி, ஊட்டும் ஜோடி எல்லாம் இருக்கும். நடந்து பழகும் 20 நாள் குஞ்சு பெட்டியிலிருந்து குதித்துப் பக்கத்துப் பெட்டிக்குள் போனால், அங்கே அடையிலிருக்கும் ஆண் அதன் மண்டையைக் கொத்தித் தோலை உரித்துவிடும். இப்படி உரிந்த குஞ்சு பெரும்பாலும் பிழைக்கும்: உப்புத் தண்ணீரில் கழுவி, பொவிடோன் அயோடின் தடவி, சொந்தப் பெட்டியில் விட்டு, பெட்டி முகப்பின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறைக்க வேண்டும். அந்தப் பலகையை முதலிலேயே வைத்திருந்தால் உரிந்திருக்காது.

எண்ணிக்கையும் ஒன்று பிசகக் கூடாது. ஒற்றை ஆண் ஒன்று மிஞ்சியிருந்தால் அது கூண்டிலுள்ள எல்லாப் பெண்களையும் துரத்தும், ஜோடிகள் இணையும்போது பாய்ந்து தள்ளிவிடும். குஞ்சு யாருடையது என்பதிலும் சந்தேகம் வரும். பந்தய ஹோமரில் அப்பன் யார் என்று தெரியாத குஞ்சுக்கு வம்சாவளி எழுத முடியாது. அதேபோல ஒரு சட்டியில் நான்கு முட்டை கிடந்தால் சந்தோஷப்பட வேண்டாம். இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்திருக்கின்றன, நான்கும் கூமுட்டை. இளம் ஹோமரில் ஆண் பெண் கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கே தவறும். சந்தேகமிருந்தால் இறகைப் பிடுங்கி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பிவிடுவது, மூன்று வாரம் அடையை வீணாக்குவதைவிட மேல்.

இன்னொரு குறை பறக்கவிடும்போது தெரியும். முட்டை வைப்பதற்கு முந்தைய நாலைந்து நாள் ஆண் பெண்ணை நிற்கவிடாது. தீனித் தொட்டியில் நின்றாலும் கொத்தி விரட்டி கூட்டுக்கு அனுப்பும். அந்த நாட்களில் பெண்ணை வானத்தில் விட்டால் பின்னாலேயே ஆணும் விரட்டிக்கொண்டு போகும், கவனம் தப்பி மின்கம்பியில் மோதும். முட்டை சுமக்கும் உடம்போடு பறப்பதும் ஆபத்து. தேதி ஒன்றாக இருந்தால் ஐந்தாறு நாள் மொத்தக் கூண்டையும் மூடி வைக்கலாம். தானாகச் சேர விட்ட கூண்டில் எப்போதும் யாராவது ஒரு பெண் அந்த நிலையில் இருக்கும்.

பெட்டியில் அடைத்துச் சேர்ப்பது

இதற்கு முன்வேலை உண்டு. ஜோடி போடுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பே ஆண்களையும் பெண்களையும் தனித்தனிக் கூண்டில், ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி பிரிக்க வேண்டும். பூச்சி மருந்து, கேங்கர் மருந்து, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எல்லாம் கால்நடை மருத்துவரைக் கேட்டு இந்த இடைவெளியில்தான் முடிக்க வேண்டும். காரணம் உண்டு. ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகைப் பூச்சி மருந்துகள் புறாவின் எலும்பு மஜ்ஜையைத் தாக்கக்கூடியவை, முளைக்கும் இறகையும் கோணலாக்கும். லெவமிசோல் கொடுத்தால் புறா வாந்தியெடுக்கும். குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் ஜோடிக்கு இதில் எதைக் கொடுத்தாலும் நட்டம் குஞ்சுக்கு. கேங்கரோ தொண்டையில் மஞ்சளாகத் தயிர்க்கட்டி போலப் படரும் நோய். தாய் தந்தை வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும், பாலோடு சேர்த்துக் குஞ்சின் வாய்க்குக் கடத்திவிடும்.

ஐரோப்பிய முறைகளைப் படித்துவிட்டு ஜோடி போடுமுன் விளக்கு போட்டுப் பகலை நீட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் ஜோடி போடுவதால் அந்த ஏற்பாடு. சென்னையில் டிசம்பர்ப் பகலே பதினொன்றேகால் மணி நேரத்துக்கு மேல், ஜூனில் பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. மின்கட்டணம் மிச்சம்.

சேர்க்கும் வரிசை இது. முதலில் ஆணை மட்டும் அதன் பெட்டியில் இரண்டு நாள் அடைக்கவும். பெட்டி தனது என்று ஆணுக்குத் தெரிய வேண்டும், அது தெரிந்தால் பின்னால் சண்டை பாதி குறையும். மூன்றாம் நாள் பெட்டி நடுவில் கம்பித் தட்டி வைத்து மறுபக்கம் பெண்ணை விடவும். உடனே ஒன்றாகப் போட்டால் சில ஆண்கள் பெண்ணின் தலையைக் கொத்திவிடும். ஆண் சுற்றிச் சுற்றிக் கூவ, பெண் கழுத்தை உப்பிக்கொண்டு தலையை ஆட்டித் தட்டிப் பக்கம் வருகிறதென்றால் ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். பெரும்பாலும் மறுநாளே தட்டியை எடுத்துவிடலாம். மூன்று நாள் ஆகியும் பெண் மூலையிலேயே ஒண்டியிருந்தால் வம்பு பண்ணாமல் ஜோடியை மாற்றுங்கள். புறாவின் கண்ணிலுள்ள ரேகையைப் பார்த்து முடிவு செய்த ஜோடி என்று பிடிவாதம் பிடித்து ஒரு முட்டைச் சுற்றை இழப்பவர்கள்தான் அதிகம்.

தட்டி எடுத்தபின் மூன்று நாலு நாள் பூட்டியே இருக்கட்டும். பிறகு மாலையில் ஒரு ஜோடியை மட்டும் ஒரு மணி நேரம் வெளியே விட்டு, இரண்டும் சொந்தப் பெட்டிக்குத் திரும்புகின்றனவா என்று பார்க்கவும். அடுத்த நாள் இரண்டு ஜோடி, ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி வேண்டாம். முதல் பெட்டியும் நாலாவது பெட்டியும் என்று தள்ளித் தள்ளித் திறக்க வேண்டும். எட்டு, ஒன்பது நாளில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். அந்த வாரத்திலேயே முட்டையும் வரத் தொடங்கும். ஒரே நாளில் சேர்த்த ஆறு ஜோடியில் நாலைந்தாவது மூன்று நாலு நாளுக்குள் முட்டை வைத்துவிடும். இந்த முறைக்கு இவ்வளவு சிரமப்படுவதன் பலன் அதுதான்.

சிரமம் நிஜமானது. ஆறு ஜோடிக்கு ஆறு தீனிக் கிண்ணம், ஆறு தண்ணீர்க் கிண்ணம், காலையும் மாலையும், பத்து நாள். கிண்ணத்தைப் பெட்டிக்குள்ளே வைத்தால் எச்சம் விழும், தண்ணீர் கொட்டி மரத்தூள் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். முகப்புக் கம்பிக்கு வெளியே கொக்கியில் மாட்டி, புறா தலையை நீட்டிக் குடிக்கும்படி செய்ய வேண்டும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியில் ஏப்ரல், மே மாதம் இதைச் செய்யவே கூடாது. பூட்டிய பெட்டியில் புறா வாயைத் திறந்து மூச்சிரைக்கும், நிழலுக்கு நகர வழியிருக்காது.

சட்டிக்கு மண்சட்டிதான் நல்லது: உள்விட்டம் 22 முதல் 25 செ.மீ., ஆழம் 7, 8 செ.மீ. வழவழப்பான பிளாஸ்டிக் சட்டியில் குஞ்சின் கால் இருபக்கமும் வழுக்கி விரிந்துவிடும். கூடு கட்ட வேப்பங்குச்சி, தென்னை ஈர்க்கு இரண்டையும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் கூண்டின் நடுவில் போட்டால் ஆணே எடுத்துப் போகும்.

செவிலி ஜோடி

கூண்டில் ஒரே ஒரு ஜோடி அபாரமானது, அதனிடமிருந்து ஒரு பருவத்தில் ஏழெட்டுக் குஞ்சாவது வேண்டும் என்பவர்களுக்கான வழி. நல்ல ஜோடி இரண்டாவது முட்டை வைத்ததும் இரண்டையும் எடுத்துச் செவிலியின் கீழ் வைத்துவிட்டால், அது பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி முட்டை வைக்கும். கணக்குக்கு நன்றாக இருக்கிறது. செலவையும் பாருங்கள். ஒரு நல்ல ஜோடிக்கு இரண்டு செவிலி ஜோடியாவது வேண்டும். நான்கு புறா, தலைக்கு 35 கிராம், மாதத்துக்கு நாலு கிலோவுக்கு மேல் தீனி, வருடம் முழுக்க. அதற்கான பெட்டியும் வேண்டும்.

இங்கே தேதி பிசகினால் குஞ்சு செத்துப்போகும், அதுவும் பிசகு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. செவிலி ஒன்றிரண்டு நாள் முன்னால் முட்டை வைத்திருந்தால் பரவாயில்லை. தன் நாள் முடிந்தும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக உட்காரும், பாலும் இருக்கும். பின்னால் வைத்திருந்தால்தான் வினை. அதன் கணக்கில் பதின்மூன்றாம் நாள், கீழே குஞ்சு பொரித்துவிட்டது, தீனிப்பையில் பால் இல்லை. அது குஞ்சை அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். மறுநாள் குஞ்சின் தீனிப்பை காற்றுப்போன பலூனாகத் தட்டையாக இருக்கும். செவிலி நல்லதில்லை என்று பழி அதன்மேல் விழும்.

முட்டையை மாற்றும்போது மெல்லிய பென்சிலால் ஜோடி எண்ணையும் தேதியையும் எழுதிவிடுங்கள். சென்னை வெக்கையில் முட்டையை எடுத்து வைத்துக் காத்திருப்பது சரிப்படாது. 30 டிகிரி அறையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பாதியில் நிற்கும். எடுத்தால் அன்றே செவிலியிடம் போக வேண்டும். செவிலிக்குத் தேர்ந்தெடுக்கும் புறா உருவத்தில் ஹோமருக்கு இணையாக இருக்கட்டும், பந்தயம் ஓய்ந்த ஹோமரே பொருத்தம். நோய் விஷயத்தில் நல்ல ஜோடிக்குச் செய்த மருந்தெல்லாம் செவிலிக்கும் செய்தாக வேண்டும். செவிலிக்குக் கேங்கர் இருந்தால் விலையுயர்ந்த குஞ்சுக்குத்தான் அது போய்ச் சேரும்.

நல்ல பெண்ணின் உடம்பையும் யோசியுங்கள். முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்புச்சத்து. இரண்டு முறை முட்டையை எடுத்தாயிற்று என்றால் மூன்றாவது அடையை அதையே உட்காரவிட்டு வளர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை வரும், அல்லது முட்டை வழியில் சிக்கும். சிக்கிய பெண் இறகை உப்பிக்கொண்டு வாலை அசைத்தபடி தரையில் உட்கார்ந்திருக்கும். வெதுவெதுப்பான இருட்டான பெட்டியில் வைத்துக் கால்சியம் கொடுத்து உடனே மருத்துவரிடம் போக வேண்டும், வயிற்றை அழுத்தக் கூடாது. சிப்பித்தூள், செங்கல் தூள், கரித்தூள், கொஞ்சம் உப்பு கலந்த கிரிட் எப்போதும் கிடைக்கட்டும், காலை வெயிலும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

மூன்று ஜோடிவரை, எல்லாம் பழைய ஜோடி என்றால் தானாகச் சேர விடுங்கள். நாலிலிருந்து எட்டு ஜோடி, வேலைக்குப் போய்வருபவர், வம்சாவளி எழுதுபவர் என்றால் அடைத்துச் சேர்ப்பதுதான். பத்து நாள் சிரமத்தை ஏற்றுக்கொண்டால் மீதி மூன்று மாதம் நிம்மதி. செவிலியைத் தனி முறையாக வைத்துக்கொள்ளப் பெரும்பாலான கூண்டுகளுக்கு அவசியமே இல்லை. ஏனென்றால் ஒரே நாளில் அடைத்துச் சேர்த்த கூண்டில் ஒவ்வொரு ஜோடியும் மற்றதற்குச் செவிலிதான்.

ஆறாம் நாள் இரவு கைபேசி டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். கருவுள்ள முட்டையில் சிலந்திவலைபோலச் சிவப்பு நரம்பு தெரியும், கூமுட்டை வெறும் மஞ்சளாக ஒளிரும். மூன்றாம் பெட்டியில் ஒன்று கூமுட்டை, ஐந்தாம் பெட்டியிலும் ஒன்று கூமுட்டை என்றால் நல்ல இரண்டையும் ஒரு சட்டியில் சேர்த்துவிடலாம். ஒரு ஜோடி ஓய்ந்தது. அதன் கீழ் டம்மி முட்டை இரண்டை வையுங்கள். சும்மா முட்டையை எடுத்துவிட்டால் பத்து நாளில் மறுபடி வைத்துத் தேதியைக் குலைக்கும். டம்மியின் மேல் மூன்று வாரம்வரை உட்கார்ந்திருக்கும், உடம்பும் தேறும். பொரித்த பிறகும் இதே வசதிதான். ஒரே சட்டியில் ஒரு குஞ்சு பெரிது, ஒன்று சிறிது என்றால் பெரியதே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். வேறு பெட்டியிலிருந்து அதே அளவுக் குஞ்சை மாற்றி வைக்கலாம். முதல் ஒரு வாரத்தில் எந்த ஜோடியும் வித்தியாசம் பார்க்காது.

வளையமும் அப்படியே. ஹோமர் வளையம் பொதுவாக 8 மி.மீ. உள்விட்டம். ஐந்தாம் நாள் போட்டால் கழன்றுவிடும், பத்தாம் நாள் நுழையாது. முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கி வளையத்தை மேலேற்றி, பின்விரலை விடுவிக்க வேண்டும். பளபளக்கும் வளையத்தைக் குப்பை என்று நினைத்துச் சில பெண்கள் இழுத்துக் குஞ்சோடு வெளியே தள்ளும். போட்டவுடன் எச்சத்தைக் கொஞ்சம் பூசி மங்கலாக்கிவிட்டால் கண்டுகொள்ளாது. ஜோடிகளின் தேதி சிதறியிருந்தால் மூன்று வாரத்துக்குத் தினமும் வளையப் பெட்டியோடு ஏற வேண்டும். ஒத்திருந்தால் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும்.

தீனியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சும்மா இருக்கும் புறாவுக்கு 30, 35 கிராம் போதும். அதே கணக்கில் ஊட்டும் ஜோடிக்கும் போட்டுவிட்டு ‘குஞ்சு வளரவில்லை’ என்பார்கள். இரண்டு வாரக் குஞ்சு பெரிய புறா அளவுக்கே சாப்பிடும். இரண்டு குஞ்சோடு உள்ள ஜோடிக்கு நாளைக்கு 140, 150 கிராம் போக வேண்டும். 10 கிலோ கலவைக்குப் பட்டாணி இரண்டரை கிலோ, பச்சைப்பயறு ஒன்றரை, கோதுமை இரண்டு, மக்காச்சோளம் ஒன்றரை, கம்பு ஒன்றரை, குசும்பா விதை ஒரு கிலோ போட்டால் புரதம் 16 சதவீதத்தை ஒட்டி வரும். இரவு ஏழு மணிக்குக் குஞ்சின் தீனிப்பையில் விரல் வைத்துப் பார்த்தால் பயறு நிரப்பிய துணிப்பைபோல நெகிழ்ந்து நிரம்பியிருக்க வேண்டும். தானியம் கல்லாகக் கெட்டியாக இருந்தால் குறை தீனியில் இல்லை, தண்ணீரில். தாய் தந்தை தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த பிறகுதான் போய் ஊட்டும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி காய்ந்திருந்தால் அன்று மாலைக் குஞ்சுக்கு வறண்ட தானியம்தான்.

ஒரே தேதியில் இருக்கும் கூண்டில் கலவையை எல்லோருக்கும் ஒன்றாக மாற்றலாம். சிதறிய கூண்டில் அடையிலிருப்பதற்கும் அதே கொழுத்த தீனி போகும். புறா ஈ விஷயத்திலும் இதே பலன் உண்டு. புறா மலேரியாவைப் பரப்பும் தட்டையான அந்த ஈயின் கூட்டுப்புழு கூட்டுக் குப்பையில் கிடந்து நாலு வாரம்வாக்கில் ஈயாக வெளிவரும். ஒரு சுற்று முடிந்ததும் எல்லாச் சட்டியையும் ஒரே நாளில் தட்டி, குப்பையை எரித்து, வெயிலில் காயவைத்தால் தொடர்ச்சி அறும். எட்டில் இரண்டு சட்டியில் அடை இருந்தால் அறாது.

எப்போது, எத்தனை சுற்று

சென்னையில் பந்தயம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி முதல் ஏப்ரல்வரை. புறாவைக் கொண்டுபோய் விடும் இடங்களில், வடக்கே விஜயவாடா நேர்கோட்டில் சுமார் 380 கி.மீ., நாக்பூர் 900 கி.மீ.க்குச் சற்று மேல். அந்தத் தூரம் போகும் புறாவுக்கு ரெக்கையின் பத்து முதன்மை இறகும் முழுதாக வளர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்று அடையை ஒட்டி முதல் இறகு விழத் தொடங்கும், பத்தும் மாறி முடிய ஏறக்குறைய ஆறு மாதம். பந்தயப் புறாவையே ஜோடி போடுபவர் இதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்.

ஜூன் 25 வாக்கில் ஜோடி போட்டால் ஜூலை முதல் வாரம் முட்டை, 23 வாக்கில் குஞ்சு, ஆகஸ்ட் 8 வாக்கில் இரண்டாம் சுற்று முட்டை, 18 வாக்கில் முதல் குஞ்சுகளைப் பிரிப்பது, ஆகஸ்ட் கடைசியில் இரண்டாம் குஞ்சு, செப்டம்பர் நாலாம் வாரம் அதையும் பிரிப்பது. மழை பிடிப்பது பொதுவாக அக்டோபர் 20ஐ ஒட்டி. அதற்குள் கூண்டு காலி. மூன்றாவது சுற்று ஆசை வேண்டாம். அது பொரிப்பது அக்டோபரில், பிரிப்பது அடைமழையில். ஈரச் சட்டி, கொசு, கொசு கொண்டுவரும் அம்மை எல்லாம் அந்தக் குஞ்சுக்குத்தான். தாய்க்கும் இறகு மாற்றம் தடுமாறும். பறக்கவே விடாத, முட்டைக்கென்றே வைத்திருக்கும் ஜோடி என்றால் ஜனவரியில் போடலாம், காலநிலை அப்போது இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் பந்தய வேலையும் குஞ்சு வேலையும் ஒரே ஆளின் தலையில் விழும்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டாம் சுற்றுக் குஞ்சுக்குப் பதினைந்து நாள் ஆகும்வரை காத்திருந்தால் பெண் மூன்றாவது சுற்று முட்டையைச் சுமந்துவிடும். பதின்மூன்று, பதினாலாம் நாளிலேயே எல்லாப் பெண்ணையும் ஒரே மாலையில் எடுத்துவிடுங்கள். மீதியை ஆண் ஊட்டி முடிக்கும். நல்ல ஆண் இரண்டு குஞ்சையும் தாங்கும், திணறினால் ஒன்றைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றாமல் கையால் ஊறவைத்த பட்டாணியை ஊட்டுங்கள், அந்த வயதில் பக்கத்து ஆண் ஏற்காது. பெண்களின் கூண்டில் சட்டி, குச்சி, இருட்டு மூலை எதுவும் இருக்கக் கூடாது. மூலைகளில் செங்கலைச் சாய்த்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பெண்கள் அங்கே ஜோடி சேர்ந்து, பத்து நாளில் நாலு கூமுட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும்.